எல்லையோர ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களின் வேலை அழுத்தமும் வேலைத் திருப்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் 19 வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆபரேஷனுக்குக் கூப்பிடுவார்கள். கூட வேலை செய்யும் ஸ்பெஷலிஸ்டுகள், அவர்கள் வீட்டார், பி.ஜி. படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்பெஷலிஸ்டுக்குச் சம்பளமும் மரியாதையும் இருக்கிறதே, அப்படி என்ன அழுத்தம்?

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று வருடம், அதற்கும் மேல்படிப்பான டி.எம். போனால் இன்னும் மூன்று. முப்பது வயதைத் தொட்டு அல்லது தாண்டித்தான் ஒருவர் ஸ்பெஷலிஸ்டாக உட்காருகிறார். படிக்கும்போது சந்தேகம் வந்தால் கேட்க மேலே ஒரு ஆள் இருந்தார். இப்போது கடைசிக் கையெழுத்து இவருடையது. பெரிய நகரத்தில் பக்கத்து அறையில் இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் இருப்பார். எங்கள் ஊர்களில் மகப்பேறுக்கு ஒருவர், மயக்கத்துக்கு ஒருவர், குழந்தைகளுக்கு ஒருவர். மூவரில் ஒருவர் இல்லாவிட்டால் ராத்திரி சிசேரியன் நடக்காது. அதனால் லீவு கேட்கும்போதே தப்புச் செய்வது போல நாக்கு குழறும். அக்கா மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த கையோடு பட்டுப்புடவையில் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து நின்றிருக்கிறேன்.

அழுத்தம் அதிகம் என்றால் திருப்தி இல்லை என்றுதானே அர்த்தம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். நெதர்லாந்தில் சுமார் 2,400 ஸ்பெஷலிஸ்டுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி ஓர் ஆய்வு செய்தார்கள். 2003-ல் வெளிவந்தது. பதில் சொன்னவர்களில் 55 சதவீதம் பேர் அழுத்தம் அதிகம் என்றார்கள். அதே கூட்டத்தில் 81 சதவீதம் பேர் வேலையில் நல்ல திருப்தி இருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆக, ஒரே ஆளுக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அழுத்தத்தோடு அதிகம் ஒட்டியிருந்தவை இரண்டு: வேலை வீட்டு வாழ்க்கைக்குள் புகுந்துவிடுவது, தான் சரி என்று கற்ற தரத்தில் வேலை செய்ய முடியாமல் போவது. திருப்தியைக் குறைத்தது வேறு: நிர்வாகம் சரியில்லை, தேவையானது கைக்குக் கிடைப்பதில்லை என்ற உணர்வு. ஆளை முழுதாக எரித்துப்போடும் சோர்வு அழுத்தத்தால் மட்டும் வருவதாகத் தெரியவில்லை. அழுத்தம் கூடி, திருப்தியும் குறைகிற இடத்தில்தான் அது வலுத்தது.

இதற்கு முன்பே, 1996-ல் பிரிட்டனில் மருத்துவமனை ஸ்பெஷலிஸ்டுகளிடம் நடந்த பெரிய ஆய்விலும், அழுத்தத்தால் மனநலம் கெடுவதை வேலைத் திருப்தி ஓரளவு தடுத்து நிறுத்துகிறது என்றே கண்டார்கள்.

என் அனுபவமும் அதுதான். ஒரே ராத்திரியில் ஐந்து சிசேரியனுக்கு மயக்கம் கொடுத்துவிட்டு விடிகாலையில் வண்டி ஓட்டி வரும்போது உடம்பு வலிக்கும், மனசு லேசாக இருக்கும். ஒரே ஒரு கேஸ் பார்த்த நாளில், அந்த ஒன்றுக்கும் மானிட்டர் ஓடவில்லை, ரத்தம் வரவில்லை என்றால் ஒரு வாரத்துக்குத் தூக்கம் வராது. வேலையின் அளவை மட்டும் எண்ணிப் பார்த்து டாக்டர் நன்றாக இருக்கிறாரா என்று சொல்லிவிட முடியாது.

‘பர்ன் அவுட்’ என்கிறார்களே, அது வெறும் களைப்பா?

இங்கே மலையாளத்தில் களைப்பை ‘க்ஷீணம்’ என்பார்கள். ஒரு ஞாயிறு நன்றாகத் தூங்கினால் க்ஷீணம் போய்விடும். பர்ன் அவுட் அப்படிப் போகாது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார். அதில் மூன்று பகுதி. மனசு வற்றிப்போவது முதலாவது. நோயாளியை ஆளாகப் பார்க்காமல் ‘மூணாம் பெட் பித்தப்பை’ என்று பார்க்க ஆரம்பிப்பது இரண்டாவது. ‘நான் செய்வதால் என்ன ஆகிவிடப்போகிறது’ என்ற எண்ணம் மூன்றாவது.

இரண்டாவதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். களைப்பை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்பாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு டாக்டர், நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் ஓ.பி. சீட்டை மட்டும் பார்த்து மருந்து எழுத ஆரம்பித்தால், அவருக்கே அது தெரியாது. பக்கத்தில் நிற்கும் சிஸ்டருக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ம் பதிப்பில் இதை வேலையோடு சேர்ந்த ஒரு நிலை என்று குறிப்பிட்டிருக்கிறது, நோய் என்று சொல்லவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நோய் என்றால் டாக்டருக்கு மாத்திரை கொடுத்து முடித்துவிடலாம். வேலையோடு சேர்ந்தது என்றால் வேலையைத்தான் திருத்த வேண்டும்.

எந்த ஸ்பெஷலிஸ்டுகளுக்கு இது அதிகம்?

ராத்திரி போன் வந்து ஓட வேண்டிய துறைகள் என்று உடனே சொல்லத் தோன்றும். மகப்பேறு, மயக்கம், எமர்ஜென்சி, ஐ.சி.யு. எல்லாம் கடினம்தான். ஆனால் நான் மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் சர்ஜன், புற்றுநோய் டாக்டர், குடல்நோய் டாக்டர், ரேடியாலஜிஸ்ட் என்று நான்கு வகையினரைக் கேட்டார்கள். ‘நான் எதையும் சாதிக்கவில்லை’ என்ற உணர்வு ரேடியாலஜிஸ்டுகளிடம் அதிகமாக இருந்தது. ஸ்கேனை இருட்டறையில் பார்த்து ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நோயாளி பிழைத்தாரா, அந்த ரிப்போர்ட் உதவியதா என்று யாரும் வந்து சொல்வதில்லை.

மயக்க டாக்டர்களுக்கும் இதே கதி. எங்களுக்கு நோயாளியின் நன்றி கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் எங்கள் வேலை நடக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். சர்ஜன்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தையல் பிரிக்க வரும் நோயாளி நன்றாக இருந்தால் எனக்கும் ஸ்கேன் எடுத்தவருக்கும் ஒரு வாட்ஸாப் போடுங்கள்.

எல்லையில் வேலை செய்வதில் தனியாக என்ன கஷ்டம்?

முதலில் பேச்சு. எங்கள் பக்கம் பெரும்பாலும் கொங்குத் தமிழ் பேசும் சனம். சிஸ்டர் கோட்டயம் பக்கத்தவர், கேஸ் ஷீட் இங்கிலீஷில். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல், நமக்கு மார்கழிப் பனி. அங்கே ‘வேதன’ என்றால் உடம்பு வலி, நமக்கு மனவலி. ஒரு பாட்டி “மனசுக்கு வேதனையா இருக்குதுங்க” என்று சொன்னதை நெஞ்சுவலி என்று எழுதி இ.சி.ஜி. எடுத்தார்கள். மகன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது அவருக்கு. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வரும் டாக்டர்களும், கேரளத்தின் தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் டாக்டர்களும் முதல் ஆறு மாதம் இந்தப் பேச்சிலேயே களைத்துப்போகிறார்கள். நோயாளியோடும் அவர் வீட்டாரோடும் நல்லபடியாகப் பேசிப் பழகுவதுதான் ஸ்பெஷலிஸ்டுகளுக்குத் திருப்தி தரும் விஷயங்களில் பெரியது. பேச்சே தடுக்கினால் அந்த ஊற்று அடைபடுகிறது.

அடுத்து ரெஃபரல், அதாவது நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவது. பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர். கொஞ்சம் கை மீறினாலும் வீட்டார் “கோயமுத்தூர் கொண்டு போயிடறோங்க” என்பார்கள். சில நேரம் அது சரியான முடிவு. சில நேரம் இங்கேயே பார்க்கக்கூடிய கேஸ். ஸ்பெஷலிஸ்டுக்கு இரண்டு பக்கமும் இடி. அனுப்பினால் ‘தள்ளிவிட்டார்’, வைத்துக்கொண்டால் ‘ஏன் முன்னாடியே அனுப்பவில்லை’. அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்ற சேதி மாநில எல்லையைத் தாண்டித் திரும்பி வருவதே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகல் வந்தால் போதும், எத்தனையோ டாக்டர்களின் மனச்சுமை குறையும்.

பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடி இன்னும் கடினம். இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள். மேற்கே மன்னார்க்காடு இறங்க மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள். கிழக்கே ஆனைக்கட்டி வழியாகக் கோவை. 2013-ல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாடே பேசியது. கோட்டத்தறையில் அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்தநோயோடு ஒரு கர்ப்பிணி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மகப்பேறு டாக்டருக்கு நன்றாகவே தெரியும். செய்வதற்கு ரத்தம் வேண்டும், ஐ.சி.யு. வேண்டும், இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் வேண்டும். தெரிந்தும் செய்ய முடியாமல் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும்போது மனசு படும் பாட்டைத்தான் அந்த நெதர்லாந்து ஆய்வும் சொல்கிறது.

கேரளத்தில் எதிர்பார்ப்பும் உயரம். 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் மரணம் இங்கே 19, தமிழ்நாட்டில் 54. அந்தக் கணக்கில் நாட்டிலேயே குறைவான எண் என்பது பெருமைதான். ஆனால் அந்தப் பத்தொன்பதில் ஒன்று உங்கள் மேசையில் நடந்தால் ஊர் அதைத் தாங்காது.

தூக்கம் இல்லாமல் வேலை செய்வது பழகிவிடாதா?

பழகிவிட்டதாகத் தோன்றும், அவ்வளவுதான். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையது போல ஆகிவிடுகிறது என்று 1997-லேயே ஒரு பரிசோதனையில் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03. வாளையாரில் போலீஸ் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளும் நிலையில் நாங்கள் நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் ஒரு ஐ.சி.யு.வில் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த பயிற்சி டாக்டர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள் என்று 2004-ல் வெளிவந்தது.

டாக்டரின் உடம்புக்கும் ஆபத்து உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால், 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னார்கள். 55 மணி நேரம் என்று படித்ததும் என் தோழி ஒருத்தி, “அது நமக்கு வியாழக்கிழமையே முடிஞ்சிடுதே” என்றாள்.

வேலை நேரத்துக்கு விதி இல்லையா?

பி.ஜி. டாக்டர்களுக்குச் சில வழிகாட்டுதல்கள் உண்டு. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. படிப்பு முடித்த ஸ்பெஷலிஸ்டை, அதுவும் தனியார் நர்சிங் ஹோம்கள் கூப்பிடும்போதெல்லாம் ஓடுபவரை, கணக்கெடுக்க ஆளில்லை. அவர் தனக்குத்தானே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு சின்ன டைரியில் ராத்திரி வந்த அழைப்புகளைக் குறிக்கிறேன். அடுத்தடுத்து இரண்டு ராத்திரி போயிருந்தால் மூன்றாம் ராத்திரி போனை என் கணவர் எடுப்பார்.

என் கையில் ஒரு நோயாளி இறந்துவிட்டார். வெளியே வர முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நோயாளிக்கு அசம்பாவிதம் நடந்தால் அவரும் அவர் குடும்பமும்தான் முதலில் பாதிக்கப்பட்டவர்கள். அதே சம்பவத்தில் டாக்டர் ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ ஆகிறார் என்று ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் 2000-ல் எழுதினார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு. 24 வயதுப் பெண். ரத்தம் வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அந்தம்மாவின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டரம்மா, ஒண்ணும் ஆகாதுங்களே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் “ஆகாது பாட்டி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். விடியற்காலை நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது. எட்டு மணிக்கு ஆபரேஷன் லிஸ்டில் ஹெர்னியா கேஸ். அதற்கும் நான்தான் மயக்கம் கொடுத்தேன். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுமைக்காரர்கள் என்பதால் இல்லை, எப்படிக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த “ஆகாது” என்ற சொல் பல மாதம் என் காதில் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு மூத்த மகப்பேறு டாக்டர், நாங்கள் சேச்சி என்று கூப்பிடுபவர், வீட்டுக்கு வந்து, “அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணா சொல்லு” என்றார். நடுவில் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆகவே, அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். அடுத்த நாள் லிஸ்டிலிருந்து உங்களை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது பலவீனம் ஆகாது.

அமைப்பும் உதவ முடியும் என்பதற்குக் கேரளத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இங்குள்ள மகப்பேறு டாக்டர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய் மரணங்களை ரகசியமாக ஆய்வு செய்கிறது. நோயாளி, டாக்டர், மருத்துவமனை எந்தப் பெயரும் இல்லாமல், யார் மேல் தப்பு என்று தேடாமல், எங்கே தடுத்திருக்கலாம் என்று மட்டும் பார்க்கிறார்கள். ஒரு மரணத்திலிருந்து அடுத்தவர் பிழைக்க வழி கிடைத்தது என்று தெரிந்தால், அதைச் சுமக்கும் டாக்டருக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

தாக்குதல் பயம் நியாயமானதா?

நியாயமானதுதான். 2023 மே 10 விடிகாலையில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காயத்துக்குக் கட்டுப்போடப் போலீஸ் கூட்டிவந்த ஆள் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருந்த வந்தனா தாஸைக் குத்திக் கொன்றான். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார், டாக்டர் பிழைத்தார்.

வந்தனா இறந்த அதே மாதம் மருத்துவமனை வன்முறைக்கு எதிரான தன் 2012 சட்டத்தைக் கேரளம் அவசரச் சட்டத்தால் கடுமையாக்கியது. வன்முறைக்கு 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் 1 முதல் 7 வருடம். விசாரணையை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி 60 நாளில் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் 2008-லிருந்து சட்டம் உண்டு. சட்டம் தேவை. ஆனால் ராத்திரி காசுவாலிட்டியில் சட்டப் புத்தகம் வந்து நிற்காது. கூட ஒரு ஆள், வெளியேற இரண்டாவது கதவு, வீட்டாரிடம் அரை மணிக்கு ஒரு தரம் நிலவரம் சொல்ல ஒருவர், இவைதான் அங்கே வேண்டும். சேதியே சொல்லாமல் மூன்று மணி நேரம் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்த பிறகு கோபம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தாக்கியதற்கு அது நியாயம் ஆகாது. தடுக்க வழி அங்கே இருக்கிறது என்கிறேன்.

கேஸ் போடுவார்களோ என்ற பயத்திலேயே வேலை செய்கிறேன்.

டாக்டர் மேல் கிரிமினல் வழக்குப் போக வேண்டும் என்றால் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், அதற்கு முன் அந்தத் துறை டாக்டர் ஒருவரின் சார்பற்ற கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னது. நேரத்தோடு குறிப்பு எழுதுங்கள். தமிழ் பேசுபவரிடம் சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கி வாங்குங்கள்.

என் கணவர் சர்ஜன். வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. நான் என்ன செய்ய?

அவர் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார் என்று முதலில் எடுத்துக்கொள்ளாதீர்கள். “என்ன ஆச்சு?” என்று வாசலிலேயே கேட்பதைவிட, குளித்துச் சாப்பிட அரை மணி நேரம் விட்டு, “இன்னிக்கு லிஸ்ட் எத்தனை?” என்பது போலச் சின்னதாகக் கேளுங்கள். அதே சமயம் வீட்டின் எல்லாப் பாரத்தையும் நீங்களே சுமந்து அவரைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, எரிச்சலோ குடியோ கூடி, “நான் இருந்து என்ன” என்ற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள்.

மனைவி டாக்டராக இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி என்னிடம் வருவதே இல்லை. அவள் டூட்டி முடித்து வந்து சமையலறைக்குள் போய்விடுகிறாள், பேசாததை யாரும் கவனிப்பதில்லை. மாமியார்மாரே, கணவன்மாரே, தயவுசெய்து கவனியுங்கள்.

யாரிடம் பேசலாம்? வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடாதா?

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். சுகாதார உதவிக்குக் கேரளத்தில் திசா 1056, தமிழ்நாட்டில் 104. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும். சின்ன ஊரில் சைக்கியாட்ரிஸ்ட் நம் கூடவே டீ குடிப்பவராக இருப்பார் என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: பொள்ளாச்சியிலோ கோவையிலோ பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. தானாக மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து அலமாரிச் சாவி எங்கள் கையிலேயே இருப்பதால் மயக்க டாக்டர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்.

திருப்தியைக் கூட்ட நானே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். தனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கொடுக்கும் டாக்டர்களிடம் பர்ன் அவுட் வெகுவாகக் குறைவு என்று 2009-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது சொல்லிக்கொடுப்பது. புதன்கிழமை மதியம் சிஸ்டர்களுக்கு உயிர்காக்கும் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன், பணம் ஒன்றும் வராது. அந்த நாளில் லிஸ்ட் போடாதீர்கள் என்று சொல்லப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், யோகா வகுப்புக்கு முன்னால் ரத்த வங்கியையும் டூட்டி ரோஸ்டரையும் பாருங்கள்.

வேலையை விட்டுவிடலாமா?

களைத்திருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் இரண்டு வாரம் லீவு, அப்புறம் யோசனை. எதை விட வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள்: மருத்துவத்தையா, அந்தத் துறையையா, அந்த இடத்தையா, ராத்திரி டூட்டியையா? என் வயதொத்த மயக்க டாக்டர் ஒருவர் ஏழு நர்சிங் ஹோமுக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தொழிலே வேண்டாம் என்று லேப்டாப்பை மூடினார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, அவர் வெறுத்தது மயக்கம் கொடுப்பதை இல்லை, ஆள் பலம் இல்லாத தியேட்டர்களில் தனியாக நிற்பதை என்று தெரிந்தது. இப்போது இரண்டு இடம் மட்டும். வருமானம் குறைந்தது, மூத்த பையனைப் பள்ளி மாற்றினார்கள். போன மாதம் எனக்கு ஒரு வாரம் லீவு வேண்டியிருந்தபோது, அவர்தான் பொள்ளாச்சியிலிருந்து வந்து என் லிஸ்டைப் பார்த்தார்.